சிவப்புப் பேனாவை வாங்கி வையுங்கள், டீச்சர்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டில் 24 பேர். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைப் பற்றி ஆளுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை, 2000 சொல் அளவில் எழுதச் சொன்னேன். இறுதி வடிவம் கொடுக்கும் முன் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தட்டும் என்று மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் பார்த்தால் எல்லாம் ஒற்றுப்பிழைத் திருத்தம். ஒரு பெண்ணின் கட்டுரையில் மட்டும் 41 சிவப்பு வட்டம். கடைசியில் ‘மிக நன்று, வாழ்த்துகள்’. அதே கட்டுரையில் தங்கராஜைப் பனைமரங்களுக்குச் சொந்தக்காரன் என்று எழுதியிருக்கிறாள், அது யார் கண்ணிலும் படவில்லை. இன்னொரு பையன் தன் தாத்தா பனையேறியதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தான். திருத்தியவன் ‘சாதி விஷயம் வேண்டாம்’ என்று அடித்துவிட்டான். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. இரண்டு கட்டுரைகள் கைபேசியில் எங்கிருந்தோ எடுத்தவை என்று சந்தேகம். துறைத்தலைவர் ‘பிள்ளைகளே திருத்தினால் நாம் எதற்கு’ என்கிறார். விட்டுவிடலாமா? தொடர்வதென்றால் எப்படி?

பதில்:

டீச்சர்,

விட வேண்டாம். ஆனால் இதுவரை நடந்ததற்குத் திருத்தம் என்று பெயர் வைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது. அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது ஒன்றாம் வகுப்பு முதல் நாம் போட்டுக் கொடுத்த சிவப்பு வட்டங்கள். அதையே அவர்களும் போட்டார்கள். கற்றுக்கொடுத்தது நாம்தான்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் தங்கராஜ் விஷயம். அந்தப் பெண் முதலில் ‘பனைமரங்களுக்கு சொந்தக்காரனான தங்கராஜ்’ என்று எழுதியிருப்பாள், திருத்தியவர் இடையில் ஒரு ‘ச்’ போட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். போட வேண்டிய இடத்தில்தான் போட்டிருக்கிறார். சொந்தக்காரன் யார் என்று மட்டும் பார்க்கவில்லை. தங்கராஜ் பனையேறுகிறவன். மரம் அவனை விரும்பும் நாயகி லிஸியின் வீட்டாருடையது. இரண்டு குடும்பமும் ஒரே சமூகம், ஒரே கிறிஸ்தவக் கோயில். ஆனாலும் மரத்தை வைத்திருப்பவனுக்கும் மரத்தில் ஏறுகிறவனுக்கும் நடுவில் ஒரு வேலி. கதை முழுக்க அந்த வேலியைப் பற்றியது. தங்கராஜ் கையில் மரத்தைக் கொடுத்துவிட்டால் நாவலே இல்லை. இருந்தும் ‘மிக நன்று’ விழுந்துவிட்டது.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றுக்கு விதி இருக்கிறது, விதியைக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ‘உன் முதல் பக்கத்தில் சொன்னதை நாலாம் பக்கம் நிரூபிக்கவில்லை’ என்று கூடப் படிக்கிறவளிடம் சொல்வது வேறு காரியம். அவளோடுதான் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் கருங்கலுக்கோ குலசேகரத்துக்கோ போக வேண்டும்.

எனக்கும் அந்த பயம் இருந்திருக்கிறது. தக்கலையிலிருந்து சென்னைக்குப் போய் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த புதிது. நம்ம ஊர்க்காரர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு வந்தது. என் பக்கத்து மேஜையில் இருந்த மூத்தவருக்கு ‘விளை’ என்ற சொல் தெரியாது. நமக்கு அது மரம் நிற்கும் நிலம். பனைவிளை, தென்னைவிளை, புளியவிளை என்று பாதி ஊர்ப்பெயரே அதில்தான் முடிகிறது. அவர் எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் ‘விலை’ ஆக்கிவிட்டார். இரண்டாம் மெய்ப்பு என் கைக்கு வந்தது. பார்த்தேன். அவர் மூத்தவர், நான் நேற்று வந்தவன், எதற்கு வம்பு என்று ஓரத்தில் இரண்டு கமாவை மட்டும் சரிசெய்து அனுப்பினேன். புத்தகத்தில் ‘தென்னை விலையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது’ என்று அச்சாகி வந்தது. உங்கள் மாணவர் எழுதிய ‘மிக நன்று’வும் நான் போட்ட இரண்டு கமாவும் ஒரே சாதி.

ஆகவே அடுத்த முறை பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘நீங்கள் யாரும் யாரையும் திருத்த வேண்டாம். கூடப் படிக்கிறவருடைய கட்டுரையைப் படித்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.’ ஆசிரியரின் வேலையில் பாதியை மாணவரிடம் கொடுத்தால் அவர் அரைகுறை ஆசிரியராகத்தான் இருப்பார். வாசகராக இருப்பதற்கு அவருக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கே புரிந்தது, எங்கே தலை சுற்றியது, எங்கே நாவலில் அப்படி இல்லையே என்று தோன்றியது – இதைச் சொல்ல நன்னூல் சூத்திரம் தெரிய வேண்டாம், நாவலைப் படித்திருந்தால் போதும். பலர் படித்திருக்க மாட்டார்கள் என்பதை நீங்களும் நானும் அறிவோம். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

24 பேரை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். எட்டுக் குழு. இரண்டு பேர் என்றால் நட்பாகும், இல்லாவிட்டால் பகையாகும். மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேச்சில் கொஞ்சம் நியாயம் வரும். ஒரே பெஞ்சில் இருக்கிற மூன்று பேரை ஒன்றாகப் போடாதீர்கள். கடலோரத்துப் பிள்ளை ஒன்று, மலையடிவாரத்துப் பிள்ளை ஒன்று, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று என்று கலந்து போட முடிந்தால் இந்த நாவலுக்கு ரொம்பப் பொருத்தம். பனையை அன்றாடம் பார்த்தவர் தனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்து விளக்காமல் விட்டிருப்பார். குளச்சல் பிள்ளை அந்த இடத்தில் ‘முருக்குத்தடி என்றால் என்ன?’ என்று கேட்கும். பேராசிரியர் கேட்க வெட்கப்படும் கேள்வி அது.

ஒரு நாளில் ஒரு கட்டுரை மட்டும். 2000 சொல் கட்டுரைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், ஒரு வகுப்பு அதற்கே சரியாகப் போய்விடும். மூன்று வகுப்பு போனால் போகட்டும்.

முதல் வாசிப்பில் கையில் பேனா இருக்கக் கூடாது. சிவப்புப் பேனாக்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், சிரித்துக்கொண்டேதான், ஆனால் வாங்கிவிடுங்கள். படித்து முடித்ததும் கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்ற இருவரும் தனித்தனியாக இரண்டு வரி எழுத வேண்டும்: இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது? எழுதியவர் அந்த இரண்டு வரிகளையும் வாங்கிப் படிக்கட்டும். தான் சொல்ல நினைத்தது அதில் இல்லையென்றால், ‘உனக்குப் புரியவில்லை’ என்று சண்டைக்குப் போக அனுமதி கிடையாது. இருவருமே வேறு வேறாக எழுதியிருந்தால் கட்டுரைக்கு இன்னும் முதுகெலும்பு வரவில்லை என்று அர்த்தம். என் 32 வருஷ வேலையில் எழுத்தாளர்களிடம் நான் செய்த மிகப் பெரிய உதவி இந்த இரண்டு வரிதான். பெரிய பெரிய ஆட்களே அதைப் படித்துவிட்டு மௌனமாகி, கைப்பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரண்டாம் வாசிப்புக்குப் பென்சில். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று நாலைந்து சொல்லில் எழுதச் சொல்லுங்கள். ‘கதைச் சுருக்கம்’, ‘கதைச் சுருக்கம்’, ‘மறுபடியும் கதைச் சுருக்கம்’, ‘முடிவு’ என்று ஓரம் முழுக்க வந்தால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக் கட்டுரைகளுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு, அதுவும் இந்த ஓரக்குறிப்பில் பிடிபடும். எந்த நாவலை எடுத்தாலும் 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயில் தொடங்கி, பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம், அதையொட்டி வந்த 1859 பிரகடனம், குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 இணைப்பு என்று வந்து, நாவல் வெளியான 1964-க்கு வந்து சேர்வதற்குள் 1200 சொல் தீர்ந்துவிடும். ஓரத்தில் பார்த்தால் ‘வரலாறு, வரலாறு, வரலாறு, லிஸி’ என்று இருக்கும். வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போராட்டங்களின் மிச்சம் அந்த வீட்டுக்குள் எங்கே தெரிகிறது என்று காட்டினால் அது ஆய்வு. காட்டாவிட்டால் அது கேட்டுக்கு வெளியே நிற்கும் கார். இங்கே கூடப் படிக்கிறவர் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று: ‘கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதற்கு நாவலுக்குள் என்ன தடயம் இருக்கிறது?’ ‘அன்றைய தமிழ்நாட்டில்’ என்று சாதாரணமாக எழுதியிருப்பார்கள். 1956-க்கு முன் இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. நாவல் அச்சானபோதுகூட மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம்தான், 1969 ஜனவரி 14-லிருந்துதான் தமிழ்நாடு. கேள்வி வந்ததும் எழுதியவர் மறுபடி நாவலுக்குள் போய்த் தேடியாக வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

நாவலைப் படிக்காதவர்களுக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்ன வழி இதோ. கட்டுரையில் வரும் மேற்கோள்களில் எந்த மூன்றையாவது வாசிப்பவர் தேர்ந்தெடுத்து, நாவலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படிக்க வேண்டும். பிறகு ஒரு வரி: ‘இந்த மேற்கோள் அங்கேயும் இதே பொருளில்தான் வருகிறதா?’ இதில் ஏமாற்ற முடியாது. படிக்காமல் வந்த பிள்ளைகூட மூன்று இடத்தில் ஐந்தைந்து பக்கம் படித்துவிடும். சில பேர் அங்கே மாட்டிக்கொண்டு முழுதும் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஆளுக்கொரு பதிப்பு இருக்கும், சிலரிடம் ஜெராக்ஸ் இருக்கும், பக்க எண் ஒத்துப்போகாது. அதனால் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும் பக்க எண்ணோடு அத்தியாயத்தையும் குறித்தாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேற்கோள் என்றதும் இன்னொன்று. உங்கள் பிள்ளைகளின் ஒற்று ஆர்வத்தைப் பார்த்தால், மேற்கோள் குறிக்குள் கையை விட்டிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். பாத்திரங்களின் பேச்சைச் செந்தமிழாக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா அம்மையார் நம்ம ஊர்ப் பேச்சை அப்படியே காதால் பிடித்து எழுத்தில் வைத்தார். தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளை அதை ‘இலக்கணப்படி’ சரிசெய்து கொடுக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒரு புள்ளிகூட நம்முடையது இல்லை. அச்சுப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால்கூட அப்படியே வைத்துவிட்டு வெளியே குறிப்பு எழுத வேண்டும்.

கட்டுரையாளரின் சொந்த வாக்கியத்தில் வட்டாரச் சொல் வந்தால்? ‘அக்கானி’ என்று எழுதியிருப்பதை அடித்து ‘பதநீர்’ என்று போட்டுவிடுவார்கள். அடிக்க வேண்டியதில்லை. முதல் இடத்தில் ‘அக்கானி, அதாவது பதநீர்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு அக்கானியாகவே விடலாம். கட்டுரை விழுப்புரத்துக்காரர் கைக்கும் போகும், அவருக்கும் வழி வேண்டும். அதே நேரம் நம்ம ஊர் நாவலைப் பற்றி நம்ம ஊர்ப் பிள்ளை எழுதும்போது அதன் நாக்கைப் பிடுங்கிவிட்டு எழுத வேண்டும் என்று எந்த ஆய்வு நெறிமுறையிலும் இல்லை.

இனி, என்ன கேட்பது என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். ‘கேள்வி கேளுங்கள்’ என்றால் கேட்கத் தெரியாது. ஒரு வாக்கியத்தை எடுத்துக் கரும்பலகையில் நீங்களே செய்து காட்டுங்கள். உதாரணத்துக்கு, ‘புத்தம் வீடு நாவலில் பெண்ணியச் சிந்தனைகள் சிறப்பாக வெளிப்பட்டுள்ளன.’ இதில் ஒற்றும் சரி, இலக்கணமும் சரி, ஆனால் விஷயம் ஒன்றுமே இல்லை. எந்தப் பெண்? எந்த இடத்தில்? யாருடைய சிந்தனை, லிஸியுடையதா, எழுதிய அம்மாவுடையதா, கட்டுரையாளருடையதா? சிறப்பாக என்றால் எதைவிட? நாலு கேள்வி கேட்டதும் எழுதிய பிள்ளை தடுமாறிக்கொண்டு சொல்லும்: ‘இல்ல டீச்சர், லிஸியைப் பள்ளிக்கூடத்துக்கு விடாம நிறுத்திப்போடுதாங்க இல்லியா, அதுக்குப் பிறகு அவ அதிகமா பேசமாட்டா. ஆனா தங்கராஜ் விஷயத்தில மட்டும் மசியவே மாட்டா.’ அதை அப்படியே பிடித்து எழுதச் சொல்லுங்கள். ‘பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபட்ட லிஸியின் மௌனம் சம்மதம் ஆகாது, தங்கராஜ் விஷயத்தில் அவள் மசியாமல் நிற்கும் இடங்களே அதற்குச் சான்று.’ இப்போது கட்டுரைக்கு நிரூபிக்க ஒன்று கிடைத்துவிட்டது, மறுக்கவும் ஒன்று கிடைத்துவிட்டது. ‘அந்த மௌனம் வெறும் பயம் என்று நான் நினைக்கிறேன்’ என்று பக்கத்துப் பிள்ளை சொல்லலாம். சொல்லட்டும்.

இன்னொரு சோதனையும் கற்றுக்கொடுங்கள், பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும். கட்டுரையில் எந்த வாக்கியத்திலாவது ‘புத்தம் வீடு’ என்பதை எடுத்துவிட்டு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ என்று போடுங்கள். 1968-ல் வந்தது, இரணியல் மண். அல்லது தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்று போடுங்கள். 1988, தேங்காப்பட்டணம். பெயரை மாற்றிய பிறகும் வாக்கியம் குறையில்லாமல் நின்றால் அதை அடித்துவிடலாம். ‘ஆசிரியர் தம் மண்ணின் மக்கள் வாழ்வை யதார்த்தமாகச் சித்தரித்துள்ளார்’ – மூன்றுக்கும் பொருந்தும். முப்பதுக்கும் பொருந்தும்.

கைபேசியிலிருந்து எடுத்த கட்டுரைகள் என்று உங்களுக்குச் சந்தேகம் உள்ள இரண்டும் இந்தச் சோதனையில்தான் உதிரும். அதைப் பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ‘இது நீ எழுதியதா?’ என்று ஒரு மாணவர் இன்னொரு மாணவரைக் கேட்கும் நிலை வந்தால் அந்தக் குழு அன்றோடு முடிந்தது. குழுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்: எழுதியவர், மற்றவர்கள் கேட்கும் ஏதாவது ஒரு பத்தியைத் தாளைப் பார்க்காமல் வாய்ப்பேச்சாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொது, சந்தேகம் உள்ளவருக்கு மட்டும் இல்லை. சொந்தமாக எழுதியவர் தாளில் இருப்பதைவிடத் தெளிவாகச் சொல்வார். இரவல் வாங்கியவர் அன்றிரவு உட்கார்ந்து மாற்றி எழுதிவிடுவார். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், எனக்கு நம்பிக்கை உண்டு. மாற்றாதவரை நீங்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அது உங்கள் வேலை.

தாத்தா பத்திக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் கஷ்டமான இடம் அதுதான்.

‘சாதி விஷயம் வேண்டாம்’ என்று எழுதியவனை முதலில் வில்லனாக்க வேண்டாம். வகுப்பில் சண்டை வரக் கூடாது என்ற எண்ணத்தில்கூட எழுதியிருப்பான். நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படிச் சொல்லித்தானே வளர்க்கிறோம். ஆனால் ‘வேண்டாம்’ என்பது உத்தரவு. ‘இந்தப் பத்தியைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது’ என்று எழுதியிருந்தால் அது அவனுக்கு நேர்ந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அதற்குமேல் போக வேண்டுமா, வேண்டாமா என்று எழுதியவன் முடிவு செய்வான். இந்த வித்தியாசத்தை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: மரம் வைத்திருப்பவர், மரம் ஏறுகிறவர் என்ற பேச்சையே எடுக்காமல் இந்த நாவலைப் பற்றி நீ என்ன எழுதுவாய்? அவனுடைய கட்டுரையையும் வாங்கிப் பாருங்கள். லிஸிக்கும் தங்கராஜுக்கும் கல்யாணம் நடப்பதில் தடை எது என்று அவன் எப்படி விளக்கியிருக்கிறான்? ‘குடும்ப எதிர்ப்பு’ என்று நழுவியிருந்தால் உங்களுக்குப் பேச ஒரு முனை கிடைக்கும்.

தாத்தாவைப் பற்றி எழுதிய பையனிடமும் ஒரு விஷயம் இருக்கிறது, அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக அதைச் சொல்லாமல் விடாதீர்கள். தாத்தா அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு நாளொன்றுக்கு எத்தனை பனை ஏறினார், கலயம் நிறைந்து இறங்கும்போது நெஞ்சுத்தோல் என்ன ஆகும் என்பது பொன்னான தகவல். நூலகத்தில் கிடைக்காது. ஆனால் அது நாவலுக்குச் சான்று ஆகாது. நாவல் சொல்வது ஒன்று, தாத்தா சொன்னது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஒன்றை இன்னொன்றின் வாயில் திணிக்கக் கூடாது. தாத்தா இருக்கிறாரென்றால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முறையாகக் கேட்டு, கேட்ட தேதி, இடம், அவர் வயது, எத்தனை வருஷம் ஏறினார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்கட்டும். ‘வேண்டாம் மக்களே’ என்று சொன்னால் போடக் கூடாது. அப்படி எழுதினால் அது கள ஆய்வு. அந்தப் பத்தியை அடித்தவனுக்குக்கூட அதில் கேள்வி கேட்க இடம் இருக்கும்: ‘தாத்தா சொன்ன எது நாவலில் இல்லை?’ என்று. இருவரையும் ஒரே குழுவில் மறுபடி போட வேண்டாம், இந்தப் பருவத்துக்கு வேண்டாம். தானாகப் பேசிக்கொள்வார்கள். கிரிக்கெட் இருக்கிறது.

எழுதியவருக்கும் ஓர் உரிமை வேண்டும். வந்த கருத்துகளை எல்லாம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றால், மூன்று பேர் கலந்து கிண்டிய கூழ் மாதிரி கட்டுரை வரும். இறுதிக் கட்டுரையோடு அரைப் பக்கம் தனியாகக் கேளுங்கள்: என்ன கேட்டார்கள், எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன். மறுத்ததற்குக் காரணம் நன்றாக எழுதியிருந்தால் மாற்றியதைவிட அதிக மதிப்பெண் கொடுக்கத் தயங்காதீர்கள். கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது நீங்கள் மட்டும். பிள்ளைகள் கையில் மதிப்பெண்ணைக் கொடுத்தால் மறுபடி ‘மிக நன்று’ திரும்பிவிடும். ஆனால் மற்றவர் கட்டுரைக்கு ஒரு பிள்ளை எழுதிய குறிப்புகளுக்கு அக மதிப்பீட்டில் ஒரு 5 மதிப்பெண் ஒதுக்குங்கள். நல்ல கேள்வி கேட்டால் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் கேள்வி தானாக வரும்.

ஒற்றுப்பிழையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குக் கடைசியில் ஒரு நாள், எல்லாம் முடிந்த பிறகு. பாதிப் பத்தி அடிபட்டுப் போகப்போகிற கட்டுரையில் ஒற்றுப் பார்ப்பது, இடிக்கப்போகிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. அந்த நாளில் ஒருவர் சத்தமாக வாசிக்க, எழுதியவர் தன் பிரதியைப் பார்த்துக்கொண்டு வரட்டும். வாய் தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் வாக்கியமும் தடுக்கும். அன்றைக்கு வேண்டுமானால் சிவப்புப் பேனாவைத் திருப்பிக் கொடுங்கள்.

துறைத்தலைவருக்குப் பதில் சொல்ல நீங்கள் வெளிநாட்டுக் கல்வி முறையை எல்லாம் இழுக்க வேண்டியதில்லை. பவணந்தி முனிவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் வரலாறு வருகிறதே, அங்கே அவர் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிக்கிறவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை வரும். அந்தச் சூத்திரத்தை அவரும் வருஷாவருஷம் நடத்தியிருப்பார். ‘சார், நம்ம பங்கு கால்தான் என்று பவணந்தியே சொல்லிவிட்டார், மீதி முக்காலுக்குத்தான் இந்த ஏற்பாடு’ என்று பணிவாகச் சொன்னால் அவர் சிரித்துவிடுவார் என்று நினைக்கிறேன். சிரிக்காவிட்டால், மாற்றத்துக்கு முந்தைய பிரதி ஒன்றையும் பிந்தைய பிரதி ஒன்றையும் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தங்கராஜுக்கு மரம் எழுதிக்கொடுத்த அந்தப் பெண்ணின் கட்டுரையே அதற்குத் தோதானது. அவளை வகுப்பில் சுட்டிக்காட்ட வேண்டாம். புதிய குழுவில் யாராவது ஒருவர் பக்கத்தைத் திறந்து ஒப்பிடும்போது தானே தெரியவரட்டும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கும். கைபேசித் திரையில் படிக்க விடாதீர்கள். தட்டச்சுச் செய்து, 12 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இரட்டை இடைவெளி விட்டு, வலது ஓரம் இரண்டு அங்குலம் காலியாக, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, கட்டுரைக்கு இரண்டு பிரதி கொண்டுவரச் சொல்லுங்கள். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கும், 24 பேருக்கும் மொத்தமாக எடுக்கிறோம் என்றால் குறைத்துக் கொடுப்பார். பென்சில் உங்கள் செலவாக இருக்கட்டும்.